நடைவண்டிக்கு நீங்கள் பூசிய சிவப்பு

யார் வந்தாலும் முதலில் வீட்டுக் குழந்தையைத்தான் விசாரிக்கும் என் அப்பாவுக்கு,

வருகிற மாசியோடு நீங்கள் போய் ஒரு வருடம் நிறைகிறது. நீங்கள் விசாரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் பேரன் கவின் இப்போது நடப்பதில்லை, ஓடுகிறான். கொழிஞ்சாம்பாறை சந்தையில் என் கையை உதறிவிட்டு வெங்காய மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். பிடிவாதம் உங்களுடையது, சத்தம் என்னுடையது.

இதை எல்லாரும் படிக்கும்படி எழுதப் போகிறேன் என்றதும் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "போய்ச் சேந்தவரு மேல பழி போடறியா அம்முணி?" என்று கேட்டாள். இது பழி இல்லை அப்பா. நடந்ததை மறைத்து வைத்தால் அதுதான் உங்கள்மேல் பழியாக வந்து விழும்.

பொம்மை விஷயத்தில் நீங்கள் எவ்வளவு கறார் என்று ஊருக்கே தெரியும். பொள்ளாச்சியிலிருந்து யாராவது பிளாஸ்டிக் பொம்மை வாங்கி வந்தால் முகர்ந்து பார்த்து, "இது பொம்மையா, மண்ணெண்ணெய் டப்பாவா?" என்று வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். மாமியார் வாங்கி வந்த பொம்மை ரயிலுக்கும் அதே கதிதான். என் கல்யாண வாழ்க்கையில் அதனால் வந்த சண்டை உங்களுக்குத் தெரியாது, அது போகட்டும்.

குழந்தைக்கு மரம்தான் நல்லது என்பீர்கள். எனக்கு முன்னால் அண்ணனும், பிறகு நானும், அதன்பின் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரும் அந்த வேப்பமர நடைவண்டியைப் பிடித்துத்தான் நடந்தோம். பிறக்கிற குழந்தை எழுந்து நிற்கும் முன்னே வண்டி அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும், நடந்து முடித்ததும் நம் வீட்டுக்கே திரும்பிவிட வேண்டும் என்பது நம் வழக்கம். பட்டிப் பொங்கலன்று மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடித்து, டப்பாவில் மிஞ்சியதை வண்டிக்கும் பூசுவீர்கள். மாட்டுக்கு ஒரு அழகு, பிள்ளைக்கு ஒரு அழகு என்று சிரிப்பீர்கள். போன தை மாதம் கவினுக்காகப் பூசினீர்கள். கைப்பிடிக்குச் சிவப்பு, கால்களுக்கு நீலம். அடுத்த மாதமே போய்விட்டீர்கள்.

சித்திரையில் அவனுக்குப் பல் முளைத்தது. வண்டியைப் பிடித்து நிற்பான், கைப்பிடியைக் கடிப்பான். மரம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். ஷாம்பு, பவுடர் எல்லாவற்றிலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கிறவள் நான். அப்பா செய்ததற்குப் பின்பக்கம் ஏது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

பிறகு கவின் சரியாகச் சாப்பிடவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஒருநாள் துணி மாற்றும்போது அவன் மலத்தில் சிவப்புச் செதில்களைப் பார்த்தேன். ரத்தம் என்று பதறிப் பொள்ளாச்சிக்கு ஓடினேன். டாக்டரம்மா ரத்தம் இல்லை என்றார். "குழந்தை எதைங்க கடிக்கறான்?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டு முடித்ததும் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ரத்தத்தில் ஈயம் இருந்தது. சில பெயிண்ட்டுகளில் கலந்திருக்குமாம். நாக்குக்கு லேசாக இனிக்குமாம். குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பிடிக்குமாம். நல்ல நேரத்தில் வந்தீர்கள், அந்த வண்டியை உடனே அப்புறப்படுத்துங்கள், சுரண்டவும் கூடாது, எரிக்கவும் கூடாது, தூளும் புகையும் இன்னும் கெடுதல் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் அழுதேன். அழுகையில் பாதி உங்கள்மேல் வந்த கோபம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆசை ஆசையாய்ப் பூசினீர்களே, அதை எப்படி விஷம் என்று வெளியே சொல்வது? கவின் தேறிக்கொண்டிருந்தான். அது போதும் என்று இருந்தேன். ஐந்து மாதம் அப்படி இருந்தது என் தப்பு. உங்கள் தப்பு தெரியாமல் செய்தது. என்னுடையது தெரிந்தே செய்தது.

ஐப்பசியில் உங்கள் தம்பி மனைவி, கோபாலபுரத்துச் சித்தி வந்தார். அவர் பேத்தி எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டாள், வண்டி வேண்டும். "ஏனுங்கக்கா, வண்டி எங்கீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா பரணைக் காட்டிவிட்டாள். சித்தியின் மகன் ஏணியில் ஏறிச் சாக்கைக் கீழே இறக்கிவிட்டான்.

நான் போய்ச் சாக்கின்மேல் கையை வைத்தேன்.

"இது வேண்டாமுங்க சித்தி. புதுசு ஒண்ணு நான் செஞ்சு தாரேன்."

"அதெப்படி? உங்கப்பா கை பட்ட வண்டி. கடைசியாப் பூசுனது வேற. எங்க ஊட்டுப் புள்ள மட்டும் இளப்பமா?" சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. உங்களுக்குத் தெரியாதா, நம் பக்கத்தில் இதற்கெல்லாம் பத்து வருடம் பேச்சு நின்றுவிடும்.

சொன்னேன் அப்பா. டாக்டர் சீட்டை எடுத்து வந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா பூசுன பெயிண்ட்தானுங்க" என்றேன்.

அம்மாதான் முதலில் பேசினாள். "நீயும் இதைக் கடிச்சுத்தான் வளந்தே. உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அது என்ற அதிர்ஷ்டம். அந்தப் புள்ளைக்கும் அதே அதிர்ஷ்டம் இருக்கும்னு யாரும்மா எழுதிக் குடுத்தது?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சித்தி மகனிடம், "கையக் களுவீட்டு வா. சாக்கத் தொட்டயில்ல" என்றார். அவ்வளவுதான். புதிதாகச் செய்வதில் மூன்று சக்கரமும் நன்றாகச் சுழல வேண்டும் என்று என்னிடம் கண்டிஷன் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

ஆசாரியிடம் போனேன். பெயிண்ட் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம், சிலாம்பு இல்லாமல் இழைத்துக் கொடுங்கள், நான் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன் என்றேன். "இப்படி மொட்டையாக் குடுத்தா என்ற தொழிலுக்கே கேவலமுங்க" என்றார். குழந்தை கடிக்குமே என்றதும் கைப்பிடி முனையை இன்னொரு தரம் இழைத்துக் கொடுத்தார். ஆணித் தலை எதுவும் வெளியே தெரியவில்லை. பொள்ளாச்சியில் மரப் பொம்மைக் கடையிலும் கேட்டுப் பார்த்தேன். "இதுக்கு என்னங்க பூசியிருக்கு?" கடைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "பச்சைங்க" என்றார். மரம் என்றால் போதும் என்று நம்பியது நீங்கள் மட்டுமில்லை அப்பா. இப்போது பதில் தெரிந்தால்தான் வாங்குகிறேன்.

பழைய வண்டியை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா கெஞ்சினாள். முடியாது என்றேன். பரணில் இருப்பதை என்றைக்காவது யாராவது இறக்குவார்கள், அப்போது சொல்ல நான் இருக்க மாட்டேன். பஞ்சாயத்திலிருந்து வேண்டாத சாமான் எடுக்க வரும் பெண்களிடம் விவரம் சொல்லி, பெயிண்ட் டப்பாவோடு சேர்த்துத் தனியாகக் கட்டிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு நானும் அம்மாவும் சேர்ந்துதான் அழுதோம்.

அந்த ஒன்பது பேர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள், இரண்டு வீட்டில் கொடுக்கவில்லை. நேற்று முன்தினம் பட்டிப் பொங்கல். அண்ணன் வழக்கம்போல் சிவப்பு டப்பாவோடு வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "கன்னுக்குட்டி தாயைச் சும்மா நக்கிக்கிட்டே இருக்குது. மஞ்சளை அரைச்சுப் பூசு, போதும்" என்று டப்பாவை வாங்கி வைத்துவிட்டாள். பழி என்ற பேச்சை இந்த இரண்டு நாளாக அவள் எடுக்கவே இல்லை.

கவினின் ரத்தத்தை இரண்டு தரம் மறுபடி பார்த்தாயிற்று. இறங்கிக்கொண்டே வருகிறது. முழுக்கச் சரியாகிவிடுமா? டாக்டரம்மா சிரிக்கிறார், உறுதி தரவில்லை. நான் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் குழந்தை எழுந்து நின்றாலும் நான் அங்கே போவேன். என் அப்பா குழந்தைகள்மேல் உயிரையே வைத்திருந்தார், அவர் கையாலேயே இது நடந்தது, அதனால் நீங்களும் பாருங்கள் என்று உங்கள் பெயரைச் சொல்லித்தான் சொல்வேன். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கோபித்தாலும் சொல்வேன்.

இன்னும் உங்களோடு சண்டை போடுகிற,
உங்கள் மகள்,
கவினின் அம்மா
பூங்கொடி