ரப்பர் மரங்களை வரைந்த அண்ணனுக்கு

ஆசை அண்ணே,

உங்கள் மரங்களும் மலைகளும் போய்விட்டன. இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தம்பின் நகருக்குப் பக்கத்திலிருந்த நம் ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். நீங்கள் வரைந்ததையெல்லாம் அடுக்கி வைத்திருந்த பழைய மண்டபத்தை உடைக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, லாரி பிடித்துக்கொண்டு ஓடினேன். மண்டபம் நின்றது. பூட்டைத் திறந்தால் உள்ளே ஈரமும் கரையானும். ஒரு படத்தைத் தூக்கினேன். சட்டம் மட்டும் கையில் வந்தது. துணி மண்ணாகக் கொட்டியது.

"ஏதாச்சும் ஏத்தணுமாக்கா?" என்றார் லாரிக்காரர். கதவை மறுபடி பூட்டினேன்.

விடியலில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போவீர்கள். மத்தியானத்துக்கு மேல், வெளிச்சம் போகும்வரை வரைவீர்கள். இறந்தவர்களின் அடையாள அட்டையிலிருக்கும் சின்ன ஐசி போட்டோவைப் பார்த்துப் பெரிய படமாக எழுதிக் கொடுப்பீர்கள். "ஆள் படம் வயித்துக்கு, மரமும் மலையும் எனக்கு" என்பீர்கள். அந்த இரண்டாவதை யாருமே வாங்கவில்லை.

"தெனம் பாக்குற ரப்பர் மரத்த யாரு லா வீட்டுல மாட்டுவா?" என்று அண்ணியே சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். வலித்ததா அண்ணே? சிரம்பான் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சுக்குத் தவித்தபோதும், ஜன்னலில் தெரிந்த மலையின் நிறத்தைத்தானே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

ஆள் படங்களாவது கிடைக்குமா என்று பாரோய்க்குப் போனேன். நம் தோட்டத்திலிருந்து கல்யாணமாகிப் போன ராசம்மாக்கா அங்கே இருக்கிறார். சாமி மேடைக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா, நீங்கள் வரைந்ததுதான். இரவலாகக் கேட்டேன், விலைக்குக் கேட்டேன், கடைசியில் அழுதுவிட்டேன்.

"எங்கம்மாவ எப்படிம்மா தூக்கிக் குடுப்பேன்?"

"யாரு வரைஞ்சதுன்னாவது தெரியுமாக்கா?"

"நான் கல்யாணமாகிப் போனப்புறம் அப்பாதான் கொண்டாந்தாரு. யாருன்னு தெரியலையே."

உங்கள் பெயரைச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு அவரே நாற்காலியில் ஏறிப் படத்தை இறக்கினார். "பின்னால எழுதும்மா," என்றார். உங்கள் பெயரை எழுதினேன்; எழுத்து கோணலாகிவிட்டது. மறுபடி மாட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் படம் போன மற்ற வீடுகள் எங்கெங்கே சிதறிக் கிடக்கின்றனவோ. படத்தைக் கழற்றி எறிந்திருப்பார்களோ, என்னவோ. எனக்கு நம்பிக்கை இல்லை அண்ணே. ஆனாலும் கதவைத் தட்டுவேன். யாருடைய அம்மாவையும் அப்பாவையும் சுவரிலிருந்து கேட்கமாட்டேன். உங்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டு வருவேன்.

உங்களோடு பிறந்தவள்,
தங்கச்சி செல்வி