புல்லும் பலகையும் சேர்ந்த மூலை

இன்று காலை நாவலூரில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டத்தில் மரத்தளம் போட்டுக்கொண்டிருந்தேன். புல்தரையை ஒட்டிய கடைசிப் பலகைக்கு ஆணி அறைந்துவிட்டு நிமிர்ந்தபோது அங்கிருந்த தோட்டக்காரர் கேட்டார்: "மேஸ்திரி, மண்ண பலகை வரைக்கும் ஏத்தி வுட்டுடட்டா?" கூடை நிறைய ஈரமண். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், "பலகையத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்" என்று கத்திவிட்டேன். பாவம், அரண்டுபோய்விட்டார். அன்றைக்கு உன்னையும் இப்படித் தடுத்திருக்க வேண்டும், மச்சான்.

கோவளத்துக்குத் தெற்கே அந்த ரிசார்ட்டைக் கட்டியது சுனாமிக்கு ஐந்தாறு வருடம் முன்பு. மரம் என் பொறுப்பு, புல் உன் பொறுப்பு. மரத்திலிருந்து புல்லுக்கு வெறுங்காலோடு இறங்கினால் காலுக்கே தெரியக்கூடாது என்பது முதலாளியின் ஆசை. இரண்டும் ஒரே மட்டம்; நடுவில் நாலு விரல் அகலத்துக்குக் கூழாங்கல். மழைத்தண்ணீர் அதில் இறங்கிவிடும், மரத்தை உளுக்கவைக்கிற ஈரமண்ணும் பலகையைத் தொடாது. நான்தான் அவசரக் குடுக்கை ஆயிற்றே! குழாயில் தண்ணீர் நிரப்பி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மட்டம் பார்க்காமல், பலகை பலகையாக ரசமட்டக் கட்டையை வைத்தே ஓட்டிவிட்டேன். கடல் பக்கத்து மூலை இரண்டு விரல் உயர்ந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு இரண்டே நாள் இருந்தது.

நீதான் முதலில் பார்த்தாய். "இன்னா மச்சான், மூலை தூக்கிகினு கீது?"

எனக்கு உயிரே போய்விட்டது. பிரித்துப் போட நேரமில்லை. "வுடு, பேஜாராவாத. நான் புல்ல ஏத்திடறேன்" என்றாய். கூழாங்கல்லை மூடி மண்ணைக் கொட்டி, சரிவு தெரியாமல் பத்தடிக்கு இழுத்து, மேலே புல்லைப் பதித்தாய். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். என் தோளைத் தட்டினார். அது உன் வேலை என்று நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது மழைக்காலத்தில் அந்த மூலை உளுத்து உடைந்தது. தங்க வந்த ஒருவருக்குக் கணுக்கால் முறிந்தது. பலகையைப் பிரிக்க என்னை வரவழைத்து, அங்கேயே தோட்டக்காரனாக இருந்த உன்னை மேனேஜர் தோண்டச் சொன்னார்.

"மரத்தோட மண்ண அணைச்சது யாரு?"

"நான்தான் சார்" என்றாய். ஏன் அணைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து, உடைந்த பலகையில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும்; நான் அடுத்த ஆணியில் சுத்தியலை மாட்டினேன். அன்று சாயங்காலமே உன்னை அனுப்பிவிட்டார்கள். விஷயம் பரவியது. அதற்குப் பிறகு ஈ.சி.ஆரில் எந்தத் தோட்டத்திலும் உன்னைச் சேர்க்கவில்லை. கோவளத்தில் மீன் லாரிகளுக்கு ஐஸ் பெட்டி தூக்கினாய். மூன்று வருடம் கழித்து, பெட்டியை இறக்கி வைத்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சரிந்து செத்துப்போனாய்.

இன்று வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அந்த ரிசார்ட்டுக்கே போனேன். எவரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும் போலிருந்தது. மரத்தளம் இருந்த இடத்தில் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். மேனேஜர் எப்போதோ போய்விட்டாராம். ஆபீசில் இருந்த பெண்ணிடம், தப்பு என்னுடையது, மட்டத்தைப் பிசகவிட்டது நான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தத் தோட்டக்காரர் சார்?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை. இனி நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னாலும் உனக்கு என்ன ஆகப்போகிறது?

என்னிடம் மிஞ்சியிருப்பது உன் ஒரு பதில்தான். நீ போவதற்கு ஒரு மாதம் முன்பு, கோவளம் டீக்கடையில், "அன்னிக்கு ஏன்டா என்னக் காட்டிக் குடுக்கல?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன் மச்சான்" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் டீயைக் குடித்து முடித்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.