கையொப்பத்துக்கு விட்ட இடம்

பெருமதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பின்னரே இம்மடலை எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இன்று காலை அரிவாள்மணையில் விரலை அறுத்துக்கொண்டேன். அயோடின் புட்டியைத் திறந்ததும் எழுந்த நெடி, சிதம்பரம் கீழவீதியில் இருந்த தங்கள் சிகிச்சை அறைக்கு என்னை இழுத்துச் சென்றது. மேசைமேல் என் கணவர் படுத்திருக்கிறார். கடலூர் முதுநகரில் ஒரு டாக்டர் கீறித் தைத்த தொடைக்கட்டியைத் தாங்கள் மறுபடி பிரிக்கிறீர்கள். சீழோடு, புண்ணுக்குக் கட்டும் காஸ்துணி ஒரு முழம் வெளியே வருகிறது.

"ஊருக்கெல்லாம் துணி ரேஷன்லதான் கெடைக்குது. என் தொடைக்குள்ளாற மட்டும் ஒரு முழம் வச்சுத் தைச்சிருக்காரே, மவராசன்!" என்று அந்த வலியிலும் அவர் சிரித்தார். தாங்கள் சிரிக்கவில்லை. "ஒடம்பு பொய் சொல்லாதும்மா" என்றீர்கள். ஒன்பதாம் நாள் சீழ்க்காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார்.

துணியைக் குப்பியில் அடைத்து மஞ்சக்குப்பத்து வக்கீலிடம் கொண்டுபோனேன். "துணி கூண்டேறிப் பேசுமாம்மா? அத உள்ளாற வுட்டது தப்பு, அதனாலதான் உசிரு போச்சுன்னு ஒரு டாக்டரு எழுதிக் குடுக்கணும். இல்லாட்டி கேஸு நிக்காது" என்றார். மனித உடம்புக்குள் துணியை வைத்துத் தைப்பது தவறென்று சொல்லவும் நிபுணர் வேண்டுமாம்! அந்த அருவருப்பை விழுங்கிக்கொண்டு தங்களிடம் வந்தேன்.

தாங்கள் மறுக்கவில்லை, அதை மறைத்தால் நான் நேர்மையற்றவள் ஆவேன். தாங்கள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூட வாசலை மிதியாது அகராதியின் துணையால் மட்டுமே கற்ற நான், இரண்டு பக்கம் எழுதினேன். "ஒரு தப்புகூட இல்லியேம்மா!" என்று வியந்து பேனாவைத் திறந்தீர்கள். நான்தான் தடுத்தேன். இரண்டு இடங்களில் அடித்தல் இருந்தது. நீதிமன்றத்தின்முன் என் எழுத்து அக்கோலத்தில் நிற்கலாகாது என்ற செருக்கு எனக்கு. "நாளான்னிக்கு நல்ல பிரதியா எடுத்தாறேங்க ஐயா" என்றேன்.

சொன்னபடி நான் பிரதியோடு வந்த அன்று தங்கள் மேசைமேல் தாம்பூலத் தட்டு இருந்தது. முதுநகர் டாக்டரின் மகளைத் தங்கள் மகனுக்கு முந்தின நாள்தான் நிச்சயித்திருந்தார்கள். நான் நீட்டிய பிரதியைத் தாங்கள் தொடவே இல்லை. "சம்பந்தியாப் போறவரு மேல எப்புடிம்மா கையெழுத்துப் போடுவேன்? வெத்தல எடுத்துக்குங்க."

வெற்றிலை! அதைத் தொடாமல் பிரதியை மடித்து எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

மற்ற டாக்டர்கள், "அந்தப் புண்ண நாங்க பாக்கலியே" என்று கைவிரித்தார்கள். தங்களுக்குச் சம்மன் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, "வந்து நின்னு, ஞாபகமில்லேம்பாரு" என்றார் வக்கீல். நிபுணர் சான்று இல்லையென வழக்குத் தள்ளுபடியாயிற்று. முதுநகர் டாக்டர் இன்றும் கட்டி கீறிக்கொண்டுதான் இருக்கிறார்.

தங்கள் மறைவுச் செய்தி கேட்டு அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் கணவரின் புண்ணை முகம் சுளிக்காமல் கழுவிய கை தங்களுடையது. அதே கைதான் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தியது. இரண்டையும் என்னால் மறக்க இயலவில்லை.

அடித்தல் இருந்த முதல் தாள்களை அன்றே கிழித்துவிட்டேன். நல்ல பிரதி என் பெட்டியில் இருக்கிறது. ஒரு திருத்தம்கூட இல்லை. அடியில் கையொப்பத்துக்கு விட்ட இடம் வெறுமையாகவே இருக்கிறது. அந்த இரண்டு பக்கங்களில் எந்த வரி பொய் ஐயா?

விரைவில் பதில் எழுதவும்.