இரண்டு பெல்ட், ஒரு கூண்டு

லோகன், பிரிஸ்பேன் அருகே
12 பிப்ரவரி 2023

அன்புள்ள ஃபெலேத்தி அண்ணாவுக்கு,

லுப்பே எழுதுகிறேன். நாங்களும் குழந்தையும் சுகம், உடம்புக்கு மட்டும். போனில் பேசினால் வீட்டுக்காரர் மலாகி காதில் விழும். அதனால் ஆக்லாந்து வருகிற பாஸ்டர் மனைவியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

கூண்டுச் சண்டை நடத்துகிற உன் சிவப்புக் கம்பெனியும் அவருடைய நீலக் கம்பெனியும் ஒன்றாகிவிட்டதாமே. இரண்டு முதலாளிகளும் டிவியில் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இனி ஒவ்வொரு எடைக்கும் ஒரே சாம்பியன்தானாம். அடுப்பில் டாரோக் கிழங்கு கருகினதுகூட எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்தின்போது என்ன பேசிக்கொண்டோம்? நீ சிவப்பை விட்டு நகர்வதில்லை, அவர் நீலத்தை விட்டு நகர்வதில்லை, யார் என்ன ஆசை காட்டினாலும் சரி என்றுதானே? ஒரே எடையில் ஒருவர் என் அண்ணன், இன்னொருவர் என் புருஷன். இரண்டு பேர் இடுப்பிலும் பெல்ட். அடுத்து யாரை யாரோடு கூண்டுக்குள் விடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவரைக் கேட்டால், "அதெல்லாம் வராதுடி" என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல். நீயாவது ஒழுங்காகப் பதில் எழுது.

உன் தங்கை
லுப்பே

*

மாங்கேரே, ஆக்லாந்து
26 பிப்ரவரி

என் லுப்பேவுக்கு,

ஒழுங்கான பதில் இதுதான்: வந்துவிட்டது. ஜூன் மாதம், பிரிஸ்பேனில், உன் வீட்டுக்காரரோடு. மச்சானுக்கு உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது. அவரைத் திட்டாதே.

முன்பெல்லாம் ஒரு முதலாளி சம்பளத்தைக் குறைத்தால் இன்னொருவனிடம் போய்விடுவேன் என்று மிரட்டலாம். இவன் துரத்தினால் அவன் கூப்பிடுவான். இப்போது இருப்பது ஒரே கடை. எங்கள் ஜிம்மில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். போன வருஷம் அரங்கத்தை நிறைத்தவன் இன்று கோழி ஃபேக்டரியில் கத்தி பிடிக்கிறான். எங்கள் இருவரில் தோற்பவனுக்கும் அதே கதிதான் என்கிறார் கோச். சண்டைக்கே வரமாட்டேன் என்பவனுக்கு அதற்கும் முன்னாலேயே.

இருந்தாலும் நீ சொல். சமோவாக்காரனாகப் பிறந்துவிட்டு தங்கை சொல்லைத் தட்டின அண்ணன் உண்டா? அப்பா நமக்குக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை எழுது, விட்டுவிடுகிறேன். ஏன் என்றுகூடக் கேட்கமாட்டேன்.

அண்ணன்
ஃபெலேத்தி

*

லோகன்
19 மார்ச்

அண்ணா,

வேண்டாம் என்று எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் அப்படி எழுதினால் உன் பிழைப்பு போகும். பொண்டாட்டி போய் மச்சானிடம் கெஞ்சித் தன்னைக் காப்பாற்றினாள் என்று இவரும் ஊர் முகத்தில் விழிக்கமாட்டார். உன்னை எப்படித் தடுப்பேன், எப்படித் தடுக்காமல் இருப்பேன்?

ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அவருக்கு இடது கண் சரியில்லை. பார்வையில் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறதாம், ஓரத்தில் திரை விழுகிறதாம். இன்னொரு பலமான அடி விழுந்தால் கண்ணே போய்விடும் என்றார் டாக்டர். கம்பெனிக்குத் தெரிந்தால் கூண்டுக்குள் விடமாட்டார்கள் என்று மறைத்து வைத்திருக்கிறார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று பைபிளில் என் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைக்கிறேன்.

இதைச் சண்டைக்காரன் ஃபெலேத்திக்கு எழுதவில்லை, என் அண்ணனுக்கு எழுதுகிறேன். உன் வலது கை நேராகப் போய் விழுவது அந்தக் கண்ணில்தான். அந்தக் கண்ணை மட்டும் அடிக்காதே. இதை உடனே கிழித்துவிடு. உன் கோச் கண்ணில் பட்டால் நான் செத்தேன்.

லுப்பே

*

மாங்கேரே
2 ஏப்ரல்

லுப்பே,

கிழித்துவிட்டேன். சரி.

தோள் பிடித்துக்கொண்டது என்று கோச்சிடம் பொய் சொல்லிவிட்டு இடது கையால் மட்டும் பழகுகிறேன். 'குடும்பப் போர்' என்று போஸ்டர் அடித்து, நடுவில் உன் கல்யாணப் போட்டோவைப் போட்டிருக்கிறார்கள். பேட்டியில் உன்னைப் பற்றி ஏதோ சொல்லச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன். நீ ராத்திரியில் தூங்கு.

ஃபெலேத்தி

*

லோகன்
18 ஜூன்

அண்ணா,

உன் முகத்து வீக்கம் வடிந்ததா? அவர் ஜெயித்த பெல்ட் இன்னும் கார் டிக்கியில் கிடக்கிறது. எடுத்து வரச் சொன்னால் காதில் வாங்குவதே இல்லை. ஹால் சோபாவில் படுக்கிறார். குழந்தையோடு பேசுகிறார், என்னோடு பேசுவதில்லை.

நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். சுற்றியிருந்தவர்கள் அவரைப் பார்த்துக் கத்தினார்கள். நான் உன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கன்னத்தோடு ஒட்டவைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது ரவுண்டில் கம்பியோடு கம்பியாக உன்னை நெருக்கிப் பிடித்து அவர் உன் காதில் ஏதோ சொன்னாரே, என்ன சொன்னார்? அதற்குப் பிறகுதான் அவர் முகம் மாறியது. சீக்கிரம் எழுது.

லுப்பே

*

மாங்கேரே
2 ஜூலை

லுப்பேவுக்கு,

கம்பெனி என்னை அனுப்பிவிட்டது. அது தெரிந்ததுதானே. கோழி ஃபேக்டரியில் குளிர் அதிகம், மற்றபடி குறை இல்லை.

மச்சான் இரண்டாவது ரவுண்டிலேயே சந்தேகப்பட்டுவிட்டார். மூன்றாவதில் வேண்டுமென்றே கையை இறக்கி, இடது பக்கத்தை முழுசாகத் திறந்து காட்டிக்கொண்டு நின்றார். நான் அடிக்கவில்லை. அப்போதுதான் என்னைப் பிடித்துக்கொண்டு காதில் கேட்டார்.

"யார்றா சொன்னது?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"லுப்பேவா?"

அதற்கும் திறக்கவில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒரு அடியாவது அடித்துப் பார்த்திருப்பேன். வாசல் திறந்து கிடந்தும் நுழையாமல் நிற்கிறவன் தங்கை சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்தான் என்று அவருக்குப் புரியாதா? அவருக்கும் அக்கா இருக்கிறாள். நான் உன் சொல்லைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்படிக் கேட்கத் தெரியவில்லை.

அவரைத் தலைகுனிய வைத்தது நான். வருகிற மாதம் லோகன் வருகிறேன். நம் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டு, தலையில் பாயைப் போர்த்திக்கொண்டு உங்கள் வாசல் புல்லில் உட்காருகிறேன். அவராக வந்து பாயை எடுத்து எழுப்புகிறவரை எழுந்திருக்கமாட்டேன். வெயிலோ மழையோ பரவாயில்லை. அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதே.

ஃபெலேத்தி

*

லோகன்
16 ஜூலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொல்லாதே என்று எழுதியிருந்தாய், சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் இன்னொன்றை மறைத்து வைக்க எனக்குத் தெம்பு இல்லை.

போன வாரம் அவரே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். கண் தப்பிவிட்டது என்றார்கள். பெல்ட்டைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டார். கட்டுப் போட்ட கண்ணோடு சாப்பிட உட்கார்ந்தபோது உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வரச் சொல்லு. அவன்மேல எனக்கு என்ன கோபம்? தங்கச்சி சொன்னதைக் கேட்டான். நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்."

அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

அதனால் நீ வா, அண்ணா. உன்னை ரொம்ப நேரம் உட்காரவைக்கமாட்டார். அவரே வந்து பாயை எடுப்பார், கட்டிப்பிடிப்பார், இரண்டு பேரும் உள்ளே வந்து சாப்பிடுவீர்கள். நான் பரிமாறுவேன். நீ வருவது எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் சத்தியத்தை உடைத்தவள் நான், அந்தப் பாய்க்கு அடியில் உட்கார வேண்டியவளும் நான். வெளியிலிருந்து வருகிறவனுக்கு வாசல் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கிறவள் எங்கே போய் உட்காருவாள், அண்ணா?

உன் தங்கை
லுப்பே