பம்பரத்துக்குத் தெரிந்த நாலு சீட்டி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதச் சொல்வது. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், பம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது கயிற்றில் கட்டுண்டு கிடக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். சொல்லச் சொல்ல எழுதுவது கீழ்வீட்டுத் தையல்காரி. பிழை இருந்தால் அவளுடையது, பொய் இருந்தால் என்னுடையது.

பம்பரம் நம் வீட்டுக்கு வந்த வருஷம் உனக்கு மறந்திருக்கும். மில்லின் பெரிய புகைபோக்கி சாய்ந்த வருஷம் அது, பஸ்காரர்கள் நாற்பத்தொரு நாள் வண்டி எடுக்காமல் நின்ற வருஷம், உன் அம்மா முதல்முறையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து "ஏங்க, உங்க மூக்கு இவ்ளோ பெருசா?" என்று கேட்ட வருஷம். பஸ் இல்லாத அந்த நாட்களில்தான் நீ மேய்ச்சல் காட்டுக்கு நடந்தே போய் அந்த ஆட்டுக்காரரிடமிருந்து நாய்க்குட்டியைத் தூக்கி வந்தாய். "இது ஆடு மேய்க்கிற ஜாதிம்மா, நாம வேலை குடுக்கலேன்னா அதுவே ஒரு வேலையப் பாத்துக்கும்" என்று அவர் சொன்னது இன்றுவரை பலித்துக்கொண்டிருக்கிறது. ஆறு வயது ஆகியும் அடங்கவில்லை. வீட்டுச் செருப்பையெல்லாம் ஒரு மூலைக்கு ஓட்டிச் சேர்த்து வைக்கிறது. நான் ஒரு அறையிலும் தையல்காரி ஒரு அறையிலும் இருந்தால் அதற்குப் பொறுக்காது, முழங்காலில் முட்டி முட்டி இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தால்தான் அதற்கு நிம்மதி. காலை ஒரு மணி நேரம் மாலை ஒரு மணி நேரம் மைதானம், தினமும் சீப்பு, வாரம் ஒரு பை நிறைய முடி. அவிழ்ப்பது அதற்கு ஒரு வேலையாக இருக்கட்டும் என்று சாப்பாட்டைத் துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டு வைக்கிறேன், முன்பு பத்து நிமிஷம் ஆகும், இப்போது நான் முடிச்சுப் போடும்போதே எப்படி அவிழ்ப்பது என்று பார்த்து வைத்துக்கொள்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எனக்கு மேல்வரிசை முன்பல் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். பல் டாக்டர் "பெரியவரே, இனிமே கடிச்சுத் திங்கிறதக் கொறைச்சுக்குங்க" என்றார். "கடிக்கிறது கெடக்கட்டும் டாக்டர், சீட்டி வருமா?" என்றேன். இந்த வயதில் யாரைப் பார்த்து அடிக்கப்போகிறேன் என்று நினைத்தாரோ, சிரித்துவிட்டார். வரவில்லை மகளே. நீளமாக ஒன்று அடித்தால் படு, குட்டையாக இரண்டு அடித்தால் இடம், ஏற்றி அடித்தால் வலம், இறக்கி அடித்தால் போதும் வா. இந்த நாலைத் தவிர ஓட்டத்தில் இருக்கும் பம்பரத்துக்கு வேறு எதுவும் காதில் ஏறாது என்பது உனக்கே தெரியும். நான் ஊதினால் உஸ் என்று காற்றுதான் போகிறது, அது தலையைச் சாய்த்து எனக்காகப் பரிதாபப்படுகிறது.

அதனால்தான் உன்னைச் சீட்டி அடித்துப் போனில் அனுப்பச் சொன்னேன். நீ நாலையும் ஒரே மூச்சில் அடித்து அனுப்பினாய், உன்மேல் குற்றமில்லை, நான் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று தையல்காரி காட்டிக்கொடுத்தாள், எந்த இடத்தில் அமுக்கினால் நிற்கும் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மைதானத்தில் அமுக்கினேன். நீளச் சீட்டிக்குப் பம்பரம் தரையோடு தரையாகப் படுத்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் மற்ற மூன்றும் வந்துவிட்டன. அந்த நேரம் பார்த்து நம் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் தன் கூட்டாளிகள் மூன்று பேரோடு நடக்க வந்தார். நாலு பேரும் ஒட்டி ஒட்டி நடந்தது அவர்கள் தப்பு. பம்பரம் இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று, நாலு பேரையும் ஒன்றாக்கி சைக்கிள் கொட்டகைக்குள் ஏற்றிவிட்டது. பாழாய்ப்போன போன் முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து பாடுகிறது. "யோவ் பெரியவரே, நாயக் கூப்பிடுய்யா!" என்று உள்ளே இருந்து கத்துகிறார். "கூப்பிட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன், அதான் வெனையே!" என்று நான் கத்துகிறேன். நீளச் சீட்டி வரும்போதெல்லாம் அது கொட்டகை வாசலில் படுத்துக்கொண்டு அவர்களைக் கண் கொட்டாமல் பார்த்தது, ஓடியதைவிட அதுதான் அவர்களுக்கு அதிக பயம். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரி ஓடி வந்து போனை அணைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

செயலாளர் கெட்டவர் இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்து, "நாய்மேல தப்பில்ல, ஆனா குழந்தைங்க வெளையாடுற எடம். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிக்குள்ள, யாராவது ஒருத்தர் சொல்லுக்கு அது நிக்குதுன்னு என் கண்ணு முன்னாடி காட்டுங்க. இல்லேன்னா வேற எடம் பாத்து அனுப்பிடுங்க" என்றார். அதுவரை அவிழ்த்து விடக் கூடாது. இன்றோடு பதினோரு நாள். கூடத்தில் கயிற்று நீளத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறது, முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கி வைத்திருக்கிறது. மருந்து போடுகிறேன். மருந்துக்கு ஆறுகிற புண் இல்லை அது.

நாலையும் தனித்தனியாக வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் தையல்காரி. வேண்டாம் என்றேன். அன்று வீட்டுக்கு வந்ததும் பம்பரம் என் சட்டைப்பையை முகர்ந்தது, பிறகு வாசல் கதவுக்குப் போய்ப் படுத்தது, கட்டிப்போட்ட பிறகும் மூன்று நாள் கயிறு எட்டிய மட்டும் அந்தப் பக்கமே கிடந்தது. உன் சீட்டி கேட்டது, நீ வரவில்லை. அந்த ஏமாற்று வேலையை இன்னொரு முறை அதனிடம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

தையல்காரி தானே கற்றுக்கொள்கிறேன் என்கிறாள், முப்பத்திரண்டும் முழுதாக இருக்கின்றன அவளுக்கு. ஆனால் நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று அடித்துக் காட்டத்தான் எனக்குத் தெரியும், சொல்லிக் காட்டத் தெரியவில்லை. அவள் அடிப்பது குக்கர் சத்தம் மாதிரி இருக்கிறது, பம்பரம் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. (இதை எழுத மாட்டேன் என்றாள், எழுது என்றேன்.) சரி, நமக்குச் சீட்டி சொல்லிக்கொடுத்த ஆட்டுக்காரரையே வண்டி வைத்து அழைத்து வரலாம் என்று போன வாரம் போன் போடச் சொன்னேன். அவர் மருமகள்தான் எடுத்தாள். போன குளிர் நாட்களிலேயே கண்ணை மூடிவிட்டாராம். சீட்டியை யாருக்காவது சொல்லிக்கொடுத்தாரா என்று கேட்டேன். "பெத்த புள்ளைங்களுக்கே வராதுன்னு விட்டுட்டாரு தாத்தா. ஒரு பொண்ணு நடந்தே வந்து கேட்டுச்சாம், அவங்க வீட்டுக்கு மட்டும்தான் சொல்லிக்குடுத்தாரு" என்றாள்.

ஆகையால் பத்து நாள் விடுப்புக் கேள். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் தர மாட்டோம் என்றால் அப்பனுக்குப் பல் போய்விட்டது என்று சொல், பொய்யில்லை. வந்து இந்தத் தையல்காரியைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கிவிட்டுப் போ. பேத்தியின் பல்லைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையை நேரத்துக்குத் தூங்கச் சொல், மூன்று பேரும் குறையில்லாமல் நல்லபடியாக இருங்கள். ஒண்ணாம் தேதியை மட்டும் மறந்துவிடாதே. எல்லாரையும்விட நன்றாக அடித்தவள் உன் அம்மா, அவள் இல்லை. ஆட்டுக்காரர் இல்லை. நான் இருந்தும் என் வாய் இல்லை. அந்த நாலு சீட்டியும் தெரிந்து உயிரோடு இருப்பது இனி நீ ஒருத்திதான்.

இப்படிக்கு,
அப்பா (கைநாட்டு)