சாப்பாட்டு ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமானவருக்கு,

இப்படித் தொடங்கும் கடிதத்தை இனிமேல் படிக்கவே மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். தொடங்கிவிட்டேன். நீங்களும் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள். மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

நான் நலம். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஆள் அனுப்புகிறேன் என்று வீட்டுச் சொந்தக்காரர் மூன்று முறை சொன்னார், யாரும் வந்தபாடில்லை. நானே ரப்பர் வளையம் வாங்கி மாட்டினேன். முன்பு சொட்டியது, இப்போது பீய்ச்சுகிறது. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நீங்கள் சிரித்து ஏழு மாதம் ஆகிறது.

கப்பலில் இன்னும் ஒன்பது மாதத்துக்கு ஒப்பந்தம் போடப்போகிறேன் என்கிறீர்கள். நம் பிள்ளை காய்ச்சலில் கிடந்த எட்டு நாளும் கடவுள் எங்கே போயிருந்தார், பதில் இருந்தால் எழுது, இல்லையென்றால் அவர் பேச்சையே எடுக்காதே என்கிறீர்கள். என்னிடம் பதில் இல்லை. பேச்சை எடுக்கத்தான் போகிறேன்.

நான் ஏதோ ஆறுதல் அடைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சபையிலிருந்து வந்த ஓர் அக்கா, ஆண்டவர் தம் தோட்டத்துக்காக ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்றார். அவ்வளவு பெரிய தோட்டம் வைத்திருப்பவர் என் ஒற்றைச் செடியிலா கை வைக்க வேண்டும் என்று கேட்டேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு இப்போது படுக்கை விரிப்புகள் மடிக்கும் வேலை. ஒரு முனை என் கையில், மறுமுனை மேற்பார்வை அம்மா கையில். தொண்டை அப்படி என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இடி. சாமியாவது பூதமாவது என்று பேசுகிறவர். சென்ற வியாழக்கிழமை மதியம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேனாம். "என்னம்மா, ஆறிப் போகுதே. யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கே?" என்று இடி கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. நம் வாயாடி மகள் ஜெபம் பண்ணட்டும் என்று காத்திருந்திருக்கிறேன்.

நம் வீட்டில் அது அவளுடைய வேலைதானே. மின்விசிறிக்கு ஸ்தோத்திரம், எதிர்வீட்டு நாய்க்கு ஸ்தோத்திரம், அப்பா கப்பலில் ஓட்டை விழக்கூடாது ஆண்டவரே என்று அவள் முடிப்பதற்குள் தட்டில் எல்லாம் ஆறிவிடும். ஒருநாள் நீங்கள் கண்ணைத் திறந்து ஒரு வாய் திருடித் தின்றதற்காக முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவள் போன பிறகு நானும் ஜெபம் பண்ணுவதில்லை. உட்கார்ந்ததும் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அன்றைக்கு மட்டும் கை ஏன் நின்றது என்று தெரியவில்லை.

இடியிடம் விஷயத்தைச் சொன்னேன். அழாமல்தான் சொன்னேன்.  அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்து, தம் டப்பாவை மூடினார். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா பிள்ளை முடிக்கட்டும், சேர்ந்தே சாப்பிடலாம்" என்றார். மேசையிலிருந்த மற்ற நான்கு பேரும் கையை எடுத்துக்கொண்டார்கள். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுடைய ஜெபம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் அப்படியே இருந்தோம். பிறகு நான் ஆமென் என்றேன். இடியும் சொன்னார், கட்டடமே கேட்கும்படி.

அந்த மேசையில் கடவுள் இருந்தார். நீங்கள் ஆயிரம் எழுதினாலும் இருந்தார். எட்டு நாள் எங்கே போனீர் என்று அவரை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். விரிப்பு மடிக்கும்போது கேட்கிறேன், பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோபம் கடவுள்மேல் என்று எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தீர்கள். உள்ளே வரக் கால் வராமல் பெட்டியோடு வாசலிலேயே நின்றீர்கள். ஏன் முன்னமே வரவில்லை என்று நான் கேட்டுவிடுவேனோ என்று உங்களுக்குப் பயம். நடுக்கடலில் இருந்த மனிதர் என்ன செய்ய முடியும்? நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

அந்த ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள். விசுவாசத்தோடுதான் வர வேண்டும் என்றில்லை, கோபத்தையே கொண்டுவாருங்கள். என்னுடையதும் இங்கேதான் இருக்கிறது. சண்டையை இரண்டு பேருமாகப் போடுவோம், தனியாகப் போட்டு அலுத்துவிட்டேன்.

கர்த்தர் உங்களைக் காக்கட்டும். அவரிடம் ஒருத்தியைக் கேட்டேன், தரவில்லை. உங்களையாவது தராமல் அவரை நான் விடப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி