மோரில் ஊறிய கண்வலிக்கிழங்கு

என் அருமை அண்ணாச்சிக்கு,

சுபா ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று, ஆரியசாலையில் நம் நாட்டு மருந்துக்கடையில் வைத்து, "டீச்சரே, எம் மக இனி கொல்லுததைப் படிக்கப் போறாளா, பிழைக்க வைக்குததையா?" என்று கேட்டீர்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திய பழக்கத்தில், உங்கள் கையிலிருந்த காப்பியைக் காட்டினேன். இதைக் குடித்தால் தூக்கம் போவது ஆல்கலாய்டு என்கிற செடிச்சத்தால்தான், அதுபோல வேறு செடிகளில் இருப்பதை எடுத்துப் புற்றுநோய்ச் செல்மேல் விட்டுப் பார்ப்பாள் என்றேன். நீங்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அது கோபமா, காப்பிமேல் வந்த பயமா?

அவள் எடுத்துக்கொண்டது கண்வலிக்கிழங்கு, அதுதான் செங்காந்தள் கிழங்கு. அதிலுள்ள ஆல்கலாய்டு, செல் இரண்டாகப் பிரிவதையே நிறுத்திவிடும். கிழங்குப் பொடி நம் கடையிலிருந்துதான் போனது. நீங்கள் கண்மூடியபின் இந்த இரண்டு வருஷமாகச் சுபாவின் அம்மா, மதினிதான் கடையைப் பார்த்துக்கொள்கிறாள்.

சோதனையை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். குழிப்பணியாரச் சட்டியைச் சிறிதாக்கி, தொண்ணூற்றாறு குழி வைத்தால் எப்படியிருக்கும்? அப்படி ஒரு தட்டு. குழிக்குழியாகப் புற்றுநோய்ச் செல்லை வளர்த்து, கிழங்குச் சாற்றை விட்டு, கடைசியில் ஒரு சாயம் ஊற்றுவார்கள். செல் உயிரோடிருந்தால் ஊதா. செத்திருந்தால் வெளிறிப்போகும்.

மூன்று மாதமாகச் சாறு விட்ட குழியெல்லாம் கத்தரிக்காய் நிறம்.

"எல்லா செல்லும் நல்லா வளருது அத்தை. அதாணு பிரச்னம்," என்றாள் சுபா. மாத முடிவுக்குள் ஏதாவது தெரியாவிட்டால் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டாராம் அவளுடைய பேராசிரியர். அதுவரை உழைத்த மூன்று வருஷமும் வீண். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, கம்பெனியில் வாங்கிய அதே சுத்தமான சத்தை விட்ட குழிகள் மட்டும் ஒழுங்காக வெளிறியிருந்தன. அப்படியானால் சோதனையில் பிழையில்லை, கிழங்கில்தான் ஏதோ. பொடி டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். எதையும் முகர்ந்து பார்க்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லியே ஓய்வுபெற்றவள், மூடியைத் திறந்து முகர்ந்தேன். கல்யாணப் பந்தி முடிந்தபின் மோர் வாளியில் வருமே, அந்தப் புளித்த வாடை.

நேரே கடைக்குப் போனேன்.

"மதினி, கிழங்கை என்ன செஞ்சிய?"

"எப்பவும் செய்யுததுதான். நறுக்கி, ராத்திரி உப்புப் போட்ட மோர்ல ஊறவச்சு, பகல்ல வெயில்ல காயவச்சு, ஏழு நாள் சுத்தி செஞ்சேன். பிள்ளைக்குன்னு இன்னும் மூணு நாள் கூடுதலா."

"விஷம் முழுக்க மோரோட போயிருக்குமே. அவளுக்கு அந்த விஷந்தான் வேணும்."

"விஷத்தை அப்படியே எம் மக கையில குடுக்கச் சொல்லுதியா? உங்க அண்ணன் ஒரு துண்டுக் கிழங்கை சுத்தி செய்யாம படியிறங்க விட்டிருக்காங்களா? நீ படிச்ச படிப்புக்கு இதுதான் புத்தியா?"

அண்ணாச்சி, பிழை உங்களுடையதும்தான். நீங்கள் அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறீர்கள்.

இரண்டு நாள் கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். பச்சைக் கிழங்கை அவளே கொண்டுவந்து கொடுப்பாளாம். எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு, மூடிமேல் துணி சுற்றிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பழவங்காடி நெரிசலில் வண்டி குலுங்கியபோது, "மெல்லப் போங்க, உள்ள விஷம் இருக்கு," என்றாள். ஓட்டுநர் திரும்பி, "எந்தா சேச்சி, ஆர்க்கா?" என்று மலையாளத்தில் கேட்டார். "என் மகளுக்கு," என்றாள். அந்த மனிதர் வண்டியை ஆமை வேகத்துக்குக் குறைத்தார். இறங்கும்போது என் முகத்தை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

ஆய்வக வராந்தாவில், சுபா கைகழுவும்வரை மதினி நகரவில்லை. "இன்னொரு தடவை சோப்பு போடு." பேராசிரியரையும் விடவில்லை. "சாரும் கழுவணும் கேட்டோ." அவரும் போய்க் கழுவினார்.

அடுத்த வாரம் தட்டு வெளிறியது. சுபா போனில் அழுதாள், சிரித்தாள். மறுநாள் குரல் இறங்கிவிட்டது. அதே அளவில், நோயில்லாத நல்ல செல்லும் செத்திருக்கிறது. "இனியாணு அத்தை பணி," என்றாள். இனிமேல்தான் வேலையே: கிழங்கிலுள்ள சத்துகளைப் பிரித்து, நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் தொடுவது ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டுமாம். இருக்குமா? எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் தலைப்பு பிழைத்துவிட்டது.

பேராசிரியருக்கு வேறொரு ஆசையும் வந்துவிட்டது. எந்தச் சத்து மோரோடு போகிறது, எது கிழங்கில் தங்குகிறது என்று அறிய வேண்டுமாம். இப்போது மதினியின் மோரும் ஆய்வகத்துக்குப் போகிறது. புளித்தது வேண்டுமா, புளிக்காதது வேண்டுமா என்று அவரையே போனில் விசாரிக்கிறாள். எனக்கு ஒரு டம்ளர் மோர் கேட்டால், "அது ஆராய்ச்சிக்குள்ளது," என்கிறாள்.

கிழங்கு புற்றுநோயைக் கொல்லுமாமே என்று கடையில் இரண்டுபேர் கேட்டுவிட்டார்கள். தட்டில் இருக்கும் செல்லைக் கொன்றது, ஆளையும் கொல்லும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினோம். ஆய்வகத்துக்குத் தவிர, பச்சைக் கிழங்கு நம் படியிறங்காது அண்ணாச்சி. அது என் வாக்கு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலிருக்கும் நாட்டு மருந்து ஒன்றை இன்று எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், இதை எப்படிச் சுத்தி செய்தீர்கள் என்று கேளுங்கள், பதில் முடியும்வரை நின்று கேளுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சுபாவின் அத்தை